மொலோக்காய்த் தொண்டர் தந்தை தமியான்

நுழையும்முன்

பிறர் துன்பம் கண்டு இரங்குவோர் பலர். அத்துன்பத்தின் நடுவே தாமும் சென்று வாழ்வோர் சிலர். இறைவன்மீது கொண்ட நம்பிக்கையால், உலகம் விலக்கிவைத்த மக்களோடு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, அவர்தம் நோயையும் தம் உடலில் ஏற்று மறைந்தவர் தந்தை தமியான். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் துறவும்

பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் தமியான் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் யோசேப்பு. தந்தையார் உழவர், தானிய வணிகமும் செய்துவந்தார். உடல் வலிமை மிக்க இம்மகன் தம் வணிகத்தை ஏற்று நடத்துவான் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. யோசேப்பின் உள்ளமோ துறவை நாடியது. 1859இல், அண்ணன் பம்பில் இருந்த துறவற சபையில் தாமும் சேர்ந்து, தமியான் என்னும் பெயரை ஏற்றார். போதிய கல்வி இல்லாதவர் என்பதால் குருவாவதற்கு அவர் தகுதியற்றவர் எனச் சபைத் தலைவர்கள் முதலில் கருதினர். அண்ணனிடம் இலத்தீன் மொழியை விரைந்து கற்று, அவர்களின் எண்ணத்தை அவர் மாற்றினார்.

1863இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குத் தொண்டாற்றச் செல்லும் வாய்ப்பு அண்ணனுக்குக் கிடைத்தது. ஆனால் புறப்படுவதற்கு முன்னரே அவர் கடுங்காய்ச்சலால் படுத்தார். அண்ணனுக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு தமியான் சபையின் தலைவருக்கு மடல் எழுதி இசைவு பெற்றார். நான்கு திங்களுக்கும் மேலாகக் கடலில் பயணம் செய்து, 1864 மார்ச்சில் ஹொனலூலூ நகரை அடைந்தார். அவ்வாண்டு மே திங்களில் குருவானார். பின்னர் ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் ஊர் ஊராக நடந்து பணியாற்றினார். அம்மக்களின் மொழியைக் கற்று, தேவாலயங்களைத் தம் கையாலேயே கட்டினார். தாய்நாட்டிற்கு அவர் உயிரோடு திரும்பவே இல்லை.

விலக்கப்பட்டோர் நிலம்

அக்காலத்தில் ஹவாய் மக்களிடையே தொழுநோய் விரைந்து பரவியது. நோய்க்கு மருந்து இல்லை. அது பரவும் முறையும் தெரியவில்லை. அஞ்சிய அரசு 1865இல் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நோயுற்றோர் தாய், தந்தை, மனைவி, மக்கள் என்னும் உறவுகளிலிருந்து பிரிக்கப்பட்டு, மொலோக்காய்த் தீவின் வடபுற முனையில் கொண்டுவிடப்பட்டனர். மூன்று பக்கம் கடல். நான்காம் பக்கம் செங்குத்தான மலைச்சுவர். அங்குச் சென்றவர் மீள்வதில்லை. குடிநீரும் உறைவிடமும் மருத்துவமும் போதாமல், இறந்தோரை முறையாக அடக்கம் செய்வாரும் இன்றி அவர்கள் வாடினர்.

அம்மக்களுக்குத் தொண்டாற்றக் குரு ஒருவர் வேண்டும் என்று ஆயர் மெக்ரே கூறியபோது நால்வர் முன்வந்தனர். ஒருவரையே நிலையாக அனுப்புவது அவரைச் சாவுக்கு அனுப்புவதாகும் என்பதால், முறைவைத்துச் சென்றுவர ஏற்பாடாயிற்று. முதலில் சென்றவர் தமியான். 1873 மே 10ஆம் நாள் அவர் அங்குக் கரையிறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. தங்க வீடில்லாததால், தேவாலயத்தின் அருகில் நின்ற தாழை இனத்து மரம் ஒன்றின் அடியில் முதல் இரவுகளைக் கழித்தார். சில நாள்களிலேயே, அங்கேயே நிலையாகத் தங்க இசைவு வேண்டி மடல் எழுதினார்.

நாம் என்னும் சொல்

நோயாளர் எவரையும் தொடாதிருக்குமாறு அவருக்கு முன்பே அறிவுறுத்தப்பட்டிருந்தது. புண்களிலிருந்து எழுந்த நாற்றத்தைத் தாங்கமுடியாமல் தொடக்கத்தில் அவரே தடுமாறியதுண்டு. ஆயினும் தொடாமல் தொண்டு செய்ய இயலாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். அவர்களோடு ஒரே கலத்தில் உண்டார். மலைப்பள்ளத்தாக்கிலிருந்து குழாய்வழியே குடிநீர் கொண்டுவர உழைத்தார். புயலில் குடிசைகள் அழிந்தபோது மரப்பலகைகளால் வீடுகள் எழுப்பினார். பெற்றோரற்ற சிறுவர் சிறுமியர்க்கு இல்லங்கள் அமைத்தார். இறந்தோருக்குச் சவப்பெட்டி செய்து, குழிதோண்டி, மன்றாடி நல்லடக்கம் செய்தார்.

முன்னிலையாரையும் சேர்த்துக் கூறும் 'நாம்' என்னும் சொல்லும், அவரை நீக்கிக் கூறும் 'நாங்கள்' என்னும் சொல்லும் தமிழில் வேறுவேறாக உள்ளன. இத்தகைய வேறுபாடு ஹவாய் மொழியிலும் உண்டு. தமியான் தொடக்கம் முதலே தம் மறையுரைகளில் கேட்போரைத் தொழுநோயாளர் என்று பிரித்துச் சுட்டவில்லை. தம்மையும் அவர்களோடு சேர்த்தே பேசினார். அப்போது அவர் உடலில் நோயின் அறிகுறி ஏதுமில்லை.

தனிமையும் நோயும்

தமியான் குறையற்றவர் அல்லர். விரைந்து சினங்கொள்வார், பிடிவாதம் மிக்கவர். நோயாளர்க்கு வேண்டியவற்றைக் கேட்டு ஓயாமல் வற்புறுத்தியதால் அதிகாரிகளும் சபைத் தலைவர்களும் அவரிடம் மனவேறுபாடு கொண்டனர். அவரை மிகவும் வாட்டியது தனிமை. ஒருமுறை சபைத் தலைவர் வந்த கப்பலில் ஏற அவருக்கு இசைவு மறுக்கப்பட்டது. தமியான் படகில் நின்றபடியே, பிறர் கேட்குமாறு உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டு ஆசி பெற்றார்.

1884ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், கொதிநீரில் கால் பட்டுக் கொப்புளித்தது. ஆனால் அவருக்கு வலி தெரியவில்லை. அடுத்த ஆண்டில் அது தொழுநோயே என மருத்துவர் உறுதிசெய்தனர். இறைவனை நம்பினால் நோய் அணுகாது என்று தமியான் ஒருபோதும் எண்ணியதில்லை. நோய் வரக்கூடும் என அறிந்தே அவர் அங்கு வந்தார். வந்தாலும் இறைவன் தம்மைக் கைவிடமாட்டார் என்பதே அவருடைய நம்பிக்கை. ஆகவே, நோயுற்றபின் அவருடைய பணி குறையவில்லை. எஞ்சிய காலம் சிறிது என்பதால் முன்னிலும் விரைந்து உழைத்தார். விரல்கள் சிதைந்த நிலையிலும் தேவாலயத்தை விரிவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

தம் பணி தம்மோடு முடிந்துவிடுமோ என்னும் கவலையும் தீர்ந்தது. 1886இல் அமெரிக்காவிலிருந்து சோசப் தட்டன் என்பவர் வந்து துணைநின்றார். 1888இல் அன்னை மரியான் கோப் தலைமையில் அருட்சகோதரியர் வந்து இல்லங்களின் பொறுப்பை ஏற்றனர்.

மறைவும் புகழும்

1889 ஏப்பிரல் 15ஆம் நாள், தம் 49ஆம் வயதில் தமியான் மறைந்தார். முதல் இரவுகளில் தாம் படுத்துறங்கிய மரத்தின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்தபின் சிலர் அவரைப் பழித்தனர். மொலோக்காய்க்கு நேரில் சென்று உண்மையறிந்த ஆங்கில எழுத்தாளர் ஆர். எல். ஸ்டீவன்சன், தாம் வேறு திருச்சபையைச் சேர்ந்தவராயினும், தமியானுக்காக வாதாடி 1890இல் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார்.

1936இல் அவருடைய உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவரைத் தம்மவராகவே கருதிய ஹவாய் மக்களுக்கு, 1995இல் அவருடைய வலக்கை திருப்பி அளிக்கப்பட்டது. புண்களைக் கழுவிய அக்கை அதே பழைய கல்லறையில் வைக்கப்பட்டுள்ளது. 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே 1873இல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சென் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். இன்று அந்நோயைக் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணப்படுத்த இயலும். விலக்கிவைக்கும் சட்டமும் 1969இல் ஹவாயில் நீக்கப்பட்டது. இவ்விரண்டும் இல்லாத காலத்தில் அம்மக்களிடம் சென்ற தமியான், தாம் கொண்டுசெல்லக்கூடிய ஒரே மருந்தாகத் தம்மையே கொண்டுசென்றார்.