தொழில் வளர்த்த திவான் சர் மிர்ஸா இஸ்மாயில்

பெங்களூர் என்றதும் இன்று நம் நினைவிற்கு வருவது கணிப்பொறித் தொழிலே. நம் மாணவர் பலர் பட்டம் பெற்றதும் வேலை நாடிச் செல்லும் நகரமும் அதுவே. ஆயின் கணிப்பொறி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தொழில் நகரமாகிவிட்டது. அவ்வளர்ச்சி தானாக நிகழ்ந்ததன்று. மைசூர் சமஸ்தான அரசு திட்டமிட்டு, பொருள் செலவிட்டு, இழப்பையும் தாங்கி வளர்த்த பயிர் அது. வித்திட்டவர்களுள் தலையாயவர் விசுவேசுவரய்யா என்பதை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அவ்வித்தைப் பதினைந்து ஆண்டுகள் காத்து வளர்த்த சர் மிர்ஸா இஸ்மாயிலை நம்மில் பலர் அறியோம்.

பிறப்பும் கல்வியும்

மிர்ஸா இஸ்மாயில் 1883 அக்டோபர் 24 அன்று பெங்களூரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் அலி அஸ்கர், பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்து குதிரை வாணிகத்தில் சிறந்து விளங்கியவர். சிறுவன் மிர்ஸாவுக்கு, இளவயது மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருடன் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் வாய்ப்புக் கிட்டியது. அங்கு அரும்பிய நட்பு மன்னரின் மறைவு வரை நீடித்தது. 1905-இல் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்த அவர், மன்னரின் செயலராக உயர்ந்து, 1926-இல் சமஸ்தானத்தின் திவான் ஆனார். இந்து மன்னர் ஒருவர் முஸ்லிம் நண்பர் ஒருவரை நம்பி நாட்டையே ஒப்படைத்த செய்தி நாம் போற்றத்தக்கது.

இரு அரசுகள், இரு வழிகள்

அரசு தொழில் நடத்தலாமா என்னும் வினா அக்காலத்தில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் முறையில் தோல் பதனிடுதலையும் அரசு உதவியோடு தொடங்கிக் காட்டினார். தனியார் துணியாத ஒன்றை அரசு முதலில் செய்து காட்ட வேண்டும், வெற்றி கண்டபின் தனியாரிடம் விட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் 1910-இல், இலண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு இதனை ஏற்க மறுத்துவிட்டார். சாட்டர்டன் 1912-இல் மைசூர் சென்று அங்குத் தொழில்துறை இயக்குநரானார். சென்னையில் அடைபட்ட கதவு மைசூரில் திறந்திருந்தது.

மைசூருக்கு வேறு நற்பேறுகளும் இருந்தன. 1902-இலேயே சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. 1909-இல் உருவான இந்திய அறிவியல் கழகத்துக்கு மைசூர் அரசு நிலம் ஈந்தது. முதல் உலகப் போரால் சந்தனக்கட்டையின் ஐரோப்பிய வாணிகம் தடைபட்டபோது, அரசு உள்ளூரிலேயே சந்தன எண்ணெய் ஆலையையும், அதனைத் தொடர்ந்து சவர்க்காரத் தொழிற்சாலையையும் நிறுவியது.

பத்ராவதிச் சோதனை

மிர்ஸா திவானானபோது அவருக்குக் காத்திருந்த பெருஞ்சோதனை பத்ராவதி இரும்பாலை ஆகும். 1918-இல் பணி தொடங்கி, 1923-இல் உற்பத்திக்கு வந்த ஆலை அது. நிலக்கரி கிட்டாமையால் காட்டு மரத்தைக் கரியாக்கி இரும்பை உருக்கினர். போர் முடிந்தபின் இரும்பின் விலை சரிந்தது. ஆலை இழப்பில் மூழ்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கப்பம் செலுத்தி வந்த சமஸ்தானத்துக்கு இது பெருஞ்சுமை. மக்கள் வரிப்பணத்தை உலையில் கொட்டலாமா என்று கேட்டவர்களின் கேள்வியில் நியாயமும் இருந்தது.

ஆலையை மூடுவது எளிது. மிர்ஸாவின் அரசு அதனைச் செய்யவில்லை. கண்மூடிப் பணம் கொடுத்துக்கொண்டும் இருக்கவில்லை. ஆலை தனித்து நின்றதே அதன் நோய் என உணர்ந்து, அதற்குத் துணைத் தொழில்களைச் சேர்த்தது. வார்ப்பிரும்புக் குழாய்கள் செய்யப்பட்டன; 1936-இல் எஃகு உற்பத்தி தொடங்கியது; பின்னர் சிமெண்டும் சேர்ந்தது. அருகிலிருந்த காட்டு மூங்கிலை நம்பி, 1936-இல் மைசூர் காகித ஆலை நிறுவனம் தோன்றியது. இவ்வாறு ஓர் ஆலையைச் சுற்றி ஒரு தொழிலூரே உருவானது.

ஒன்றுக்கொன்று துணை

இதே முறையை நாம் மண்டியாவிலும் காண்கிறோம். கிருஷ்ணராஜசாகர் அணையின் கால்வாய் நீர் வறண்ட நிலத்தை நனைத்தபோது, உழவர் கரும்பு பயிரிட்டனர். கரும்பை வாங்க ஆலை வேண்டுமே! வேளாண்துறைத் தலைவர் லெஸ்லி கோல்மனின் முயற்சியும் துணைநிற்க, 1933-இல் மண்டியா சர்க்கரை ஆலை எழுந்தது. நீர், நிலம், பயிர், ஆலை ஆகிய நான்கும் ஒரே திட்டத்தில் பிணைக்கப்பட்டன.

பெங்களூரில் இப்பிணைப்பின் மையம் மின்சாரம். சிற்றூர்களுக்கு மின்கம்பி நீண்டபோது, கம்பங்களில் பொருத்தப் பீங்கான் இன்சுலேட்டர்கள் தேவைப்பட்டன. அரசுப் பீங்கான் தொழிற்சாலை அவற்றைச் செய்தது. மின்மாற்றிகளுக்கு அரசு மின்பொருள் தொழிற்சாலையும், மின்விளக்குகளுக்கு 1936-இல் மைசூர் விளக்குத் தொழிற்சாலையும் எழுந்தன. ஒரு தொழிலின் தேவை மற்றொரு தொழிலின் சந்தை ஆயிற்று. சில ஆலைகளை அரசே நடத்தியது. சிலவற்றில் பொதுமக்களோடு தானும் பங்கு வாங்கியது.

இவற்றின் மகுடம் விமானத் தொழிற்சாலை. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் விமான ஆலைக்கு இடம் தேடியபோது, மிர்ஸாவின் அரசு பெங்களூரில் 700 ஏக்கர் நிலத்தை இலவசமாக வழங்கி, 25 இலட்சம் ரூபாய் முதலீடும் செய்தது. 1940 டிசம்பரில் இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் பிறந்தது. பின்னாளில் நடுவண் அரசின் தொலைபேசி, பொறிக்கருவி, மின்னணுத் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து அந்நகரை நாடி வந்தன.

குறையும் உண்டு

பெரியோர் வாழ்வை எழுதுங்கால் குறையை மறைத்தல் நேர்மையாகாது. ஆலைகளுக்குக் காட்டிய வேகத்தை மிர்ஸா மக்களாட்சிக்குக் காட்டவில்லை. 1938 ஏப்ரலில் விதுராசுவத்தம் என்னுமிடத்தில் காங்கிரஸ் கொடியேற்றக் கூடிய மக்கள் மீது காவலர் சுட்டனர், பலர் உயிரிழந்தனர். அப்பழி அவருடைய ஆட்சியின் மேல் நிற்கிறது. அவர் ஆதரித்த தொழில்கள் எல்லாம் நிலைத்துவிடவுமில்லை. விளக்குத் தொழிற்சாலையும் பத்ராவதிக் காகித ஆலையும் பின்னாளில் உற்பத்தியை நிறுத்திவிட்டன. காலத்துக்கேற்பப் புதுமை காணாத தொழிலை அரசின் கரம் மட்டும் காப்பாற்றிவிடாது.

இறுதிக் காலம்

1940-இல் நண்பர் கிருஷ்ணராஜ உடையார் மறைந்தார். அடுத்து வந்த மன்னருடன் கருத்து வேறுபட்டு, 1941-இல் மிர்ஸா பதவி துறந்தார். பின் ஜெய்ப்பூர் அரசின் பிரதமராகி அந்நகரை அழகுபடுத்தினார். அங்குள்ள முதன்மைச் சாலை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1946-இல் ஐதராபாத்தின் பொறுப்பேற்றார். நாட்டுப் பிரிவினையை விரும்பாத அவர், அங்கு நிலவிய அரசியல் சூழலில் ஓராண்டுக்குள் விலகினார். 1954-இல் தம் பொதுவாழ்வு பற்றிய நூலை வெளியிட்டு, 1959 ஜனவரி 5 அன்று பெங்களூரிலேயே இயற்கை எய்தினார்.

ஒரு வட்டாரத்தில் தொழில் செழிக்க மானியம் ஒன்றே போதுமெனச் சிலரும், அரசு விலகி நின்றாலே போதுமெனச் சிலரும் இன்று கூறுகின்றனர். மிர்ஸாவின் வாழ்வு இரண்டையும் மறுக்கிறது. அவ்வூரின் மூலப்பொருள், மின்சாரம், கல்வி, சந்தை ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் அரசே தொழிலை வளர்க்கிறது. முதல் இழப்பிலேயே அது அஞ்சி ஓடலாகாது. வரி கொடுக்கும் மக்களின் குரலுக்குச் செவிசாய்க்கவும் வேண்டும். முன்னதை அவருடைய வெற்றியிலிருந்தும், பின்னதை அவருடைய குறையிலிருந்தும் நாம் கற்றுக்கொள்வோமாக.