கறளுக்கு எதிராக ஒரு கொடை

கல்முனைக் கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பறையின் யன்னற் கம்பிகள் கறளேறிப் பொருக்குதிர்கின்றன. அதே காற்றிற் கிடக்கும் கறையில் உருக்குக் கரண்டி மட்டும் மினுங்குவது ஏன் என ஒரு நாள் மாணவன் ஒருவன் வினவினான். பண்டிதனாகிய எனக்கு விடை தெரியவில்லை. அதனைத் தேடிச் சென்றவிடத்து வள்ளல் அழகப்பச் செட்டியாரின் வரலாறு என்னை ஆட்கொண்டது.

அன்னார் 1909 ஏப்ரல் 6இற் செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார்; இலண்டன் சென்று பாரிஸ்டரானார்; விமானம் ஓட்டவும் பயின்றார். நெசவாலை முதலிய தொழில்களாற் பெரும்பொருள் ஈட்டினார். எனினும் தொழுநோய் அவரைப் பற்றியது. உடல் ஒடுங்கியபோதும் அவர் கை ஒடுங்கவில்லை. 1947இற் காரைக்குடியிற் கல்லூரி கண்டார். தாம் வாழ்ந்த மாளிகையையே பெண்கள் கல்லூரிக்கு ஈந்தார்.

விடுதலை பெற்ற இந்தியா ஆய்வுகூடங்களை அமைக்க முனைந்த காலம் அது. மின்னிரசாயன ஆய்வுகூடம் காரைக்குடியில் எழுவதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 யூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 சனவரி 14இல் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

மாணவனின் வினாவுக்குரிய விடை இத்துறையினதே. கறையில் உருக்கில் உள்ள குரோமியம் ஒட்சிசனோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத மென்படலமாகின்றது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் மில்லியனிற் சில பங்கே. கீறினாலும் படலம் தானே மீள உருவாகும். தக்க திரவத்தில் அமிழ்த்தி அளவாக மின் செலுத்தியும் சில உலோகங்களில் இத்தகைய காப்பை உண்டாக்கலாம். ஆயின் உப்பு அப்படலத்தைத் துளைக்கவல்லது. ஆதலாற் கடலோரத்தில் ஆய்வு வேண்டியதாயிற்று. பாக்குநீரிணைக்கு அப்பால், நம் தீவை நோக்கிய மண்டபம் கரையில் அந்நிறுவனம் அரிப்பாய்வு நிலையமும் அமைத்தது.

அழகப்பர் 1957 ஏப்ரல் 5இல் மறைந்தார். மறுநாள் வந்திருந்தால் அகவை நாற்பத்தெட்டு நிறைந்திருக்கும்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை ஆண்டுதோறும் கற்பித்து வந்தேன். இரும்பைக் காக்கும் கல்விக்கு நிலம் ஈந்தவரை ஒருநாளேனும் கூறினேனல்லேன். இவ்வாண்டு முதல் பாரியின் பாடம் முடிந்ததும் அழகப்பர் கதையையும் சொல்கிறேன். மாணவர்கள் யன்னற் கம்பிகளைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.