நீலகிரிப் புதர்களை இனம் பிரித்த ராபர்ட் வைட்

உங்களில் பலர் கைப்பேசியில் ஓர் இலையைப் படமெடுத்து அனுப்பி, இது என்ன செடி, வெட்டிவிடலாமா, மாடு தின்றால் ஆபத்தா என்று கேட்கிறீர்கள். இலையை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல இப்போதெல்லாம் நான் தயங்குகிறேன். அதற்குக் காரணம் உண்டு. 2017இல் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லையில் இருந்த புதரை, நின்ற வாக்கில் பார்த்துவிட்டு, சாதாரணக் காட்டுப் புதர்தான், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாதியை வெட்டினார்கள். மறு ஆண்டு மிச்சமிருந்த பாதி நீலமாகப் பூத்து நின்றது. 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி அது. தோட்டக்காரர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இந்தத் தவறு நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதைத் தன் வாழ்நாள் வேலையாகவே செய்துகாட்டிய ஒருவர், நம் மலைகளிலும் கோவைச் சமவெளியிலும் நடமாடியிருக்கிறார். அவர் ராபர்ட் வைட்.

1796ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். வேலை என்னவோ பட்டாளத்துக்கு வைத்தியம் பார்ப்பதுதான். மனம் மட்டும் செடிகொடிகளில் இருந்தது. 1826இல் மாகாணத்தின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. தென் மாவட்டங்களை நெடுகச் சுற்றிச் செடிகளைச் சேகரித்தார். இரண்டே ஆண்டில், 1828இல், அரசு அந்தப் பதவியையே ஒழித்துவிட்டு, அவரைப் பழையபடி மருத்துவராக நாகப்பட்டினத்துக்கு அனுப்பியது. அவர் சேகரிப்பை விடவில்லை. 1831இல் விடுப்பில் ஊருக்குக் கப்பலேறியபோது சுமார் 1 லட்சம் உலர் மாதிரிகளைக் கொண்டுபோனார். எடை 2 டன் என்று சொல்லப்படுகிறது.

அங்கே வாக்கர் ஆர்னட் என்ற அறிஞருடன் சேர்ந்து, 1834இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய ஒரு பெரிய நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் பூவுக்குள் இருக்கும் மகரந்தத்தாள்களை எண்ணி, எண்ணிக்கை ஒத்த செடிகளை ஒரே வகுப்பில் சேர்க்கும் லின்னேயஸ் முறையே பெரிதும் வழக்கில் இருந்தது. எண்ணுவது எளிது. ஆனால் உறவில்லாதவை ஒரே வகுப்பில் வந்து விழும். பூ, காய், விதை, இலை அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து உறவைத் தீர்மானிக்கும் முறையையே வைட் பின்பற்றினார். மாட்டின் ரகத்தைக் கொம்பை மட்டும் பார்த்தா சொல்கிறீர்கள்? திமில், தாடை, நிறம், நடை எல்லாம் பார்க்கிறீர்கள் அல்லவா, அதே கதைதான்.

குறிஞ்சிக் குடும்பத்தை ஆராயும் பொறுப்பு ஜெர்மானிய அறிஞர் நீஸ் என்பவரிடம் இருந்தது. வைட் சேகரித்த மாதிரிகள் அவருக்குப் போயின. 1832இல் நீலக்குறிஞ்சிக்கு நீஸ் இட்ட அறிவியல் பெயரின் முதல் பாதிக்கு நரம்பிலை என்று பொருள். குறிஞ்சி இனங்களில் ஒன்றுக்கு வைட்டின் பெயரே சூட்டப்பட்டது. ஒன்று கவனியுங்கள்: இந்தப் புதர்களில் பல ஒவ்வோர் ஆண்டும் பூக்காது. ஆண்டுக்கணக்கில் இலையாகவே நின்று, ஒருசேரப் பூத்து, விதை தந்து மடியும். பூவைப் பார்க்க வேண்டுமென்றால் சரியான ஆண்டில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

1834இல் வைட் திரும்பி வந்தார். இரண்டு ஆண்டில் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டு, பயிர்களைப் பற்றி அறிக்கை தரும் பணி கிடைத்தது. 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட படத்தொகுதியில் 6 பாகங்கள், 2,101 படங்கள். வரைந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஒரு கிளையை முழுதாக வரைந்துவிட்டு, கீழே பூவைப் பிளந்து உள்ளுறுப்புகளைப் பெரிதாக்கி வரைவார்கள். தூரத்தில் ஒன்று போலத் தெரியும் இரண்டு செடிகள் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் பிரியும். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்தச் செடி ஏற்கெனவே பெயரிடப்பட்ட வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்ததால் அந்தப் பெயர் வழக்கில் நிலைக்கவில்லை. வைட்டுக்கே அப்படி.

1842இல் அமெரிக்கப் பருத்திச் சோதனையைக் கவனிக்கக் கோயம்புத்தூருக்கு அனுப்பப்பட்டார். பருத்தியும் பூக்கும் புதர்ச்செடிதானே! மொக்கைச் சுற்றி இலை போன்ற மூன்று உறைகள் இருக்கும், பாருங்கள். உப்பம் பருத்தியில் அவை அகலமாக, பல் பல்லாக, மொக்கை விட்டு விலகி விரிந்திருக்கும். கருங்கண்ணியில் நீண்டு, பற்கள் குறைந்து, மொக்கை ஒட்டி மூடியிருக்கும். அமெரிக்க வகையில் விளிம்பு ஆழமாகக் கிழிந்து நீண்ட விரல்கள் போல இருக்கும். உப்பம், கருங்கண்ணி இரண்டுக்கும் 26 குரோமோசோம்கள். அமெரிக்க வகைக்கு 52. அதனால் நாட்டுப் பருத்தியோடு அமெரிக்கப் பருத்தி எளிதில் இனம் கலக்காது.

அமெரிக்கப் பருத்தி இங்கே தேறும் என்று வைட் நம்பினார். கோவை விவசாயிகளோ தங்கள் நாட்டுப் பருத்தியைக் கைவிடவில்லை. செடியைப் படித்த அளவுக்கு அவர் விவசாயியின் கணக்கைப் படிக்கவில்லை என்பது என் கருத்து. அதே அமெரிக்க இனம் 1900களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி என்ற பெயரில் வந்து, கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளைந்தது.

கோவையில் இருந்ததால் மலை பக்கத்திலேயே இருந்தது. நீலகிரிச் செடிகளுக்கென்றே சுமார் 200 வண்ணப்படங்களுடன் இரண்டு பாகங்களை வெளியிட்டார். மலைக்கு வருகிற எவரும் படத்தை வைத்தே செடியை அடையாளம் காண வேண்டும் என்பது நோக்கம். 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். தன் சேகரிப்பைக் கியூ தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, 1872 மே 26 அன்று காலமானார். இடையில் ஒரு சேதி: நம் வெட்பாலையின் அறிவியல் பெயரான ரைட்டியா இவரைக் குறிப்பதல்ல. அது வில்லியம் ரைட் என்ற வேறொரு மருத்துவர். பெயரிலும் ஓரெழுத்துதான் வித்தியாசம்.

நீலக்குறிஞ்சி அடுத்துப் பெருவாரியாகப் பூக்க வேண்டியது 2030இல். அதுவரை உங்கள் கண்ணில் படப்போவது இலை மட்டும்தான். திறந்த புல்வெளிச் சரிவில் கூட்டமாக நிற்கிறதா, இலை விளிம்பில் பற்கள் உண்டா, இலையைத் திருப்பினால் நரம்புகள் புடைத்து, நெருங்கி, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அரிவாளை எடுக்க வேண்டாம். இலையின் இரு பக்கம், தண்டு, செடி நிற்கும் இடம், காய்ந்த பூங்கதிர் இருந்தால் அது என ஐந்து படங்கள் எடுத்து அனுப்புங்கள். பதில் வர இரண்டு நாள் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.