பட்டமும் பறத்தலும்: கல்பனா சாவ்லாவின் வாழ்க்கை

நம் ஒடுகத்தூரில் இரவு நேரத்தில் மின்சாரம் நின்றுபோனால், மொட்டை மாடியிலிருந்து ஜவ்வாது மலை கருங்கோடாகத் தெரியும். அதற்கு மேல் விண்மீன்கள். அதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி 1986 முதல் அங்கிருந்து வானத்தைப் பார்த்து வருகிறது. வானத்தோடு இப்படி ஓர் அண்டை வீட்டு உறவு நமக்கு இருப்பதால், அந்த வானத்துக்கே சென்ற ஒரு பெண்ணைப் பற்றி இம்மலரில் எழுத விழைந்தோம். வேறொரு காரணமும் உண்டு. விமானம் ஓட்ட ஆசைப்படும் பெண், கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு உடனே பயிற்சியில் சேர வேண்டுமா, அல்லது பட்டம் பெற்ற பின் சேரலாமா என்று சில பெற்றோர் மனம் குழம்புகின்றனர். கல்பனா சாவ்லா இரண்டையும் அடைந்தவர்.

அவர் 1962 மார்ச் 17 அன்று, இன்றைய அரியானா மாநிலத்தின் கர்னால் நகரில் பிறந்தார். பள்ளிப் பதிவேட்டிலோ 1961 ஜூலை 1 என்று இருந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வயது போதாமையால் செய்த திருத்தம் அது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தி அன்று! தந்தை பனாரசிலால், தாய் சஞ்யோதி. பிரிவினையின்போது உடைமைகளை இழந்து மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பம். தந்தை சிறு வேலைகள் பல செய்து, பின்னர் டயர் தொழிலில் காலூன்றினார். நான்கு மக்களில் இளையவரான சிறுமியை வீட்டில் மோண்ட்டு என்று அழைத்தனர். பள்ளியில் சேர்க்கும் நாளில் பெயர் கேட்டபோது, கல்பனா என்ற பெயரை அவளே தெரிந்துகொண்டாள் என்பர்.

கர்னாலில் விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று இருந்தது. அதன் சிறு விமானங்கள் வீடுகளுக்கு மேலே பறந்து திரிவதைப் பார்த்தே கல்பனா வளர்ந்தார். அவற்றில் ஏற வேண்டும் என்று தந்தையை நச்சரித்தார். தந்தையும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, புஷ்பக் என்னும் சிறு விமானத்திலும் என்ஜின் இல்லாத கிளைடரிலும் ஏற்றிக் காட்டினார். அன்று அவர் அதைப் பெண்பிள்ளைக்கு வேண்டாத ஆசை என்று தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

பள்ளி நாட்களிலேயே, விமானப் பறப்புப் பொறியாளர் ஆவேன் என்று சொல்லத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் சரியான பொருள் அப்போது அவருக்குத் தெரியாது! விமானத்தை வடிவமைப்பவர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். உண்மையில், பறக்கும்போது விமானியறையில் அமர்ந்து கருவிகளைக் கண்காணிப்பவரே அவர். இத்தவறான எண்ணத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1976ல் தாகூர் பால நிகேதன் பள்ளிப் படிப்பை முடித்து, பின்னர் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியலைக் கேட்டார். அப்பிரிவில் அதுவரை பெண் எவரும் பயின்றதில்லை. வேறு பிரிவை எடுத்துக்கொள் என்று ஆசிரியர்கள் அறிவுரை கூறியும் அவர் அசையவில்லை. 1982ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அமெரிக்கா சென்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1984ல் முதுநிலைப் பட்டமும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1988ல் முனைவர் பட்டமும் பெற்றார். இடையே 1983ல், விமானப் பயிற்சி ஆசிரியரான ஜீன் பியர் ஹாரிசனை மணந்தார்.

விமானம் ஓட்டும் பயிற்சியை அவர் மேற்கொண்டது அமெரிக்காவில்தான். அது எளிய காரியமன்று. அந்நாட்டுப் பொது விதிப்படி, தனக்காக மட்டும் ஓட்டும் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஊதியம் பெற்று ஓட்டும் வணிக விமானி உரிமத்துக்கோ 250 மணி நேரம். நம் நாட்டில் இது 200 மணி நேரம். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கைப்பணம் கரையும். கல்பனா ஓர் என்ஜின் விமானம், பல என்ஜின் விமானம், நீரில் இறங்கும் விமானம், கிளைடர் ஆகிய அனைத்துக்கும் வணிக உரிமம் பெற்றார். மேகத்தினுள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியும், பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் உரிமமும் பெற்றார். வானில் கரணம் அடிக்கும் பறத்தலில் அவருக்குத் தனி விருப்பம்.

இவை யாவும் வேலைக்காகத் தேடிய தகுதிகள் அல்ல. 1988 முதல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை இருந்தது. செங்குத்தாக மேலெழும் ஹாரியர் போன்ற விமானங்கள் தரையை அணுகும்போது, அவற்றைச் சுற்றிக் காற்று எவ்வாறு சுழல்கிறது என்பதைக் கணினியில் கணக்கிடும் வேலை. 1994 டிசம்பரில் அவரை விண்வெளிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தபோதும், ஓடத்தை ஓட்டும் விமானியாக அல்ல, ஆய்வுப் பணி வல்லுநராகவே எடுத்தனர். அதற்குக் கேட்கப்பட்டது அறிவியல் அல்லது பொறியியல் பட்டம். ஆக, கதவைத் திறந்தது பட்டமே; விமானி உரிமங்களை அவர் ஆசையால் பெற்றார். மருத்துவப் பரிசோதனை ஒன்றில் தவறினாலும் விமானியின் உரிமம் நின்றுபோகும்; பட்டத்தை யாரும் பறிப்பதில்லை. பட்டம் முதலில், பறத்தல் அடுத்து என்ற அவர் வரிசை நம் போன்ற குடும்பங்களுக்கும் ஏற்றது என்றே எமக்குத் தோன்றுகிறது.

1997 நவம்பர் 19 அன்று கொலம்பியா ஓடத்தில் முதன்முறை விண்வெளி சென்றார். இந்தியாவில் பிறந்த பெண்களில் முதல்வர். பூமியை 252 முறை சுற்றினர். அப்பயணத்தில் ஒரு சோதனையும் நேர்ந்தது. இயந்திரக் கையால் அவர் வெளியே விட்ட ஸ்பார்ட்டன் என்னும் செயற்கைக்கோள் சரிவர இயங்காமல் சுழலத் தொடங்கிற்று. வீரர் இருவர் வெளியே சென்று, அதைக் கையால் பிடித்து மீட்டனர். உலகமே பார்க்க நேர்ந்த பிழை! பழி அவர்மேல் வீழ்ந்தது. பின்னர் நடந்த விசாரணை, மென்பொருளிலும் வகுத்துக் கொடுத்த நடைமுறைகளிலும் குறை இருந்ததைக் காட்டியது. கல்பனா மனம் தளராமல் அடுத்த பணிகளில் ஈடுபட்டார். தாம் பயின்ற கர்னால் பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் நாசாவுக்கு வந்து பார்க்க வழிசெய்து, அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறவும் செய்தார்.

2003 ஜனவரி 16 அன்று மீண்டும் கொலம்பியாவில் புறப்பட்டார். இம்முறை அவருக்குத் தந்த பொறுப்பு, தளபதிக்கும் விமானிக்கும் பின்னே அமர்ந்து கருவிகளைக் கண்காணிக்கும் பறப்புப் பொறியாளர்! சிறுவயதில் பொருள் தெரியாமல் சொன்ன அதே சொல். எழுவர் கொண்ட அக்குழு, இரவும் பகலும் முறை வைத்து ஏறத்தாழ 80 ஆய்வுகளைச் செய்தது.

புறப்பட்ட 82ஆம் விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடப்பக்க இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியிருந்தது. பிப்ரவரி 1 அன்று பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழைகையில், அத்துளை வழியே வெங்காற்று உட்புகுந்தது. தரையிறங்க 16 நிமிடங்களே இருக்க, டெக்சாஸ் வானில் ஓடம் சிதறியது. எழுவரும் உயிர் நீத்தனர். அமெரிக்காவில் அவர் முதன்முதலில் படிக்கச் சென்ற மாநிலமும் அதுவே. இன்று நம் வகுப்பறைகளில் இருக்கும் மாணவியர் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர் ஆன்மா இறைவனில் அமைதி பெறுவதாக.

அதற்கு முந்தைய ஆண்டு, 2002 செப்டம்பர் 12 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை நம் நாடு ஏவியிருந்தது. 2003 பிப்ரவரி 5 அன்று, பிரதமர் வாஜ்பாய் அதற்குக் கல்பனா 1 எனப் பெயர் சூட்டினார். ஏழாண்டு உழைக்கும் என்று அனுப்பிய அது, அதற்கு மேலும் பல ஆண்டுகள் மேகப் படங்களை அனுப்பியது. ஐப்பசியில் வங்கக் கடலில் திரண்டு, நம் ஜவ்வாது மலைமேல் வந்து கவியும் மழை மேகங்களும் அப்படங்களில் இருந்தன.