தேயிலைக் காட்டுக்கு ஆர்மோனியம் கொண்டுபோன அண்ணன்: பாவலர் வரதராஜன்

விடியறதுக்கு முன்னாடியே போடிநாயக்கனூர் முழிச்சிடும். ஜீப் ஜீப்பா ஆட்களை ஏத்திக்கிட்டு போடிமெட்டுக்குக் கிளம்புவாங்க. பெரும்பாலும் பெண்கள். கையில தூக்குவாளி, தலையில துண்டு. மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துல பகல் முழுக்க வேலை, பொழுது சாய இறங்கி வீடு. அதே ரோட்டுல பூப்பாறையைத் தாண்டிப் போனா ஏலக்காய் முடிஞ்சு தேயிலை ஆரம்பிச்சிடும். தேவிகுளம், மூணாறு எல்லாம் அங்கதான்.

இந்த மலைத் தொழிலாளர்கள் முன்னாடி ஒரு காலத்துல ஆர்மோனியத்தோட உட்கார்ந்து பாடினவர்தான் பாவலர் வரதராஜன். இளையராஜாவோட அண்ணன்னு சொன்னா சட்டுனு புரியும். எல்லாரும் அவரை அப்படித்தான் அறிமுகப்படுத்துறாங்க. ஆனா 1958-ல கதை தலைகீழ். அப்போ ராசய்யாங்கிற பையனைத்தான் வரதராஜனோட தம்பின்னு சொல்லி அறிமுகப்படுத்தணும்!

சொந்த ஊர் பண்ணைப்புரம். போடியிலிருந்து தேவாரம் வழியா தெற்கே போனா மலையடிவாரத்துல வர்ற ஊர். அப்பா ராமசாமி தேயிலை எஸ்டேட்ல கங்காணியா இருந்தவர். கங்காணின்னா, தொழிலாளிகளைத் திரட்டிட்டுப் போய் அவங்ககிட்ட வேலை வாங்குற ஆள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல நிக்கிறவர். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை கம்யூனிஸ்ட் கட்சி மேடையேறி, அதே தொழிலாளிகளோட கூலிக்காகப் பாடப் போனார். இவர் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் இதுதான்.

அந்த நேரத்து அரசியலைக் கொஞ்சம் சொல்லணும். 1956 நவம்பர் 1-ல மொழிவாரியா மாநிலங்கள் பிரிஞ்சப்போ தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போச்சு. அங்கே எஸ்டேட்ல இருந்தவங்க பெரும்பாலும் தமிழர்கள். தமிழ்நாட்டோட சேரணும்னு போராடின வலி இன்னும் ஆறலை. 1957-ல இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில கேரளாவோட முதல் அமைச்சரவை வந்தது. 126 இடத்துல ஆதரவு சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேர்தான். ஒவ்வொரு சீட்டும் உயிர் மாதிரி. அப்போன்னு பார்த்து தேவிகுளத்துல ஜெயிச்ச ரோசம்மா புன்னூஸோட வெற்றி செல்லாதுன்னு தீர்ப்பாகி, 1958-ல இடைத்தேர்தல் வந்தது.

வேட்பாளர் மலையாளி. ஓட்டுப் போடப்போற தோட்டத் தொழிலாளிகள்ல பெரும்பாலானவங்க தமிழர்கள். நடுவுல எல்லைப் பிரச்னையோட கசப்பு. இந்த இடத்துலதான் வரதராஜன் தேவைப்பட்டார்.

அவர் கையாண்ட வழி ரொம்ப எளிமை. எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமாப் பாட்டு மெட்டை எடுத்துக்குவார். வார்த்தையை மட்டும் மாத்துவார். காதல் இருந்த இடத்துல கூலி, விலைவாசி, ஊர்ப் பிரச்னைன்னு வந்து உட்காரும். மெட்டு ஏற்கெனவே மனசுல இருக்கிறதால கேட்கிறவங்க காது நேரா வார்த்தைக்குப் போயிடும். ஒரு தடவை கேட்டாலே கூடப் பாடிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைய இருந்த இடத்துல நோட்டீஸைவிட இது வேகமாப் போய்ச் சேர்ந்தது. இன்னிக்கு ட்ரெண்டிங் ஆடியோவுல நாம வேற வரி போட்டு ரீல்ஸ் விடுறோமே, கிட்டத்தட்ட அதே டெக்னிக். என்ன, இவர் ஊர் ஊராப் போய் நேர்ல பாடணும்.

ரோசம்மா திரும்பவும் ஜெயிச்சாங்க. அந்த வெற்றியில வரதராஜனோட பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு இ.எம்.எஸ்ஸே மேடையில சொன்னதா அந்தக் குடும்பத்துல சொல்லுவாங்க. ஒரு தேர்தலைப் பாட்டு மட்டுமே ஜெயிச்சுக் கொடுக்குமான்னு கேட்டா, கொடுக்காது. கட்சியும் தொழிற்சங்கமும் அங்க நிறைய வேலை பார்த்திருக்கும். ஆனா கசந்து போயிருந்த ஜனங்களை வந்து உட்கார வைக்கவே ஒரு ஆள் வேணுமில்ல?

இந்தக் காலகட்டத்துலதான் ராசய்யா அண்ணனோட குழுவுல சேர்ந்தார். வயசு 14 வாக்குல. மகரக்கட்டு உடையாத குரல்ங்கிறதால பெண் குரல் பாட்டெல்லாம் அவருக்கு. ஆர்மோனியத்தை மட்டும் தொடக் கூடாது. தொட்டா அண்ணன் கையால அடிதான். அண்ணன் இல்லாத நேரமாப் பார்த்துத் திருட்டுத்தனமா வாசிச்சுப் பழகினார். குரல் உடைஞ்சு பெண் குரல்ல பாட முடியாமப் போனதும் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. பாஸ்கர், அமர்னு மத்தத் தம்பிகளும் வந்து சேர, அது பாவலர் பிரதர்ஸ் ஆச்சு. வரதராஜனுக்கு அம்மா வேற, இவங்களுக்கு அம்மா வேற. மேடையில அந்த வித்தியாசமெல்லாம் இல்லை.

சுகாதாரத் துறை வேலையா அந்தப் பக்கம் வந்த சின்னச்சாமிங்கிற இளைஞரும் இவங்களோட ஒட்டிக்கிட்டார். நாடகப் பைத்தியம். பின்னாடி பாரதிராஜா ஆனது அவர்தான்.

1960-கள் முடியறப்போ தம்பிகள் சினிமா கனவோட சென்னைக்குக் கிளம்பினாங்க. வழிச்செலவுக்கு அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை வித்துக் கொடுத்த 400 ரூபாய் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தக் கதையில வரதராஜன் எங்கேன்னு நாம யாரும் கேட்கிறதில்லை. அத்தனை வருஷம் அவர் பின்னாடி உட்கார்ந்து வாசிச்ச குழுவே சென்னைக்கு பஸ் ஏறிப்போச்சு. தம்பிகளுக்கு அது ஆரம்பம். அவருக்கு என்னவா இருந்திருக்கும்?

1973-ல வரதராஜன் இறந்துட்டார். மூணே வருஷத்துல, 1976-ல ‘அன்னக்கிளி’ வந்தது. கிராமத்துக் குரலும் மெட்டும் ரேடியோ ரேடியோவாப் பரவினப்போ, எந்தப் பாட்டுக்கு ஜனங்க எப்படித் தலையாட்டுவாங்கன்னு தம்பிக்கு நேர்ல காட்டின மனுஷன் இல்லை.

தம்பிகள் மறக்கலை. கோவையில அண்ணன் வாங்கின ஆர்மோனியத்தைத்தான் இளையராஜா இத்தனை வருஷமும் கூடவே வச்சிருக்கார். தொட்டா அடி விழுமே, அந்த விஷயம்! பாஸ்கர் படம் தயாரிக்க வந்தப்போ கம்பெனிக்கு அண்ணன் பேரையே வச்சார்: பாவலர் கிரியேஷன்ஸ். 1981-ல ‘அலைகள் ஓய்வதில்லை’, 1989-ல ‘ராஜாதி ராஜா’, 1992-ல ‘சிங்காரவேலன்’. டிவியிலோ போன்லயோ இந்தப் படங்கள்ல எதையாவது திரும்பப் பார்க்கிறப்போ டைட்டிலை ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஆரம்பத்துலயே அவர் பேர் வரும்.