காலைக் கட்டிப்போட்ட கோச்... புது ஷாட்டோடு வந்த ரஞ்சி!

திங்கள், புதன் ஷட்டில். சனி, ஞாயிறு கிரிக்கெட். நடுவுல டியூஷன். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட்னா, பைக்ல யார் கொண்டுபோய் விடுறது? வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் கோச்சிங் போற பிள்ளைகள் வீட்டில் வாராவாரம் நடக்கும் பஞ்சாயத்து இது. காசு கொடுத்து, நேரம் ஒதுக்கி, தனியா கத்துக்கிறது இப்போ வந்த பழக்கம் இல்லை. ரஞ்சி டிராபினு சொல்றோமே, அந்த ரஞ்சியே அப்படி உருவானவர்தான்.

ரஞ்சித்சிங்ஜி பிறந்தது 1872-ல், குஜராத்தின் கத்தியவாரில். 1888-ல் இங்கிலாந்து போனவர், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். ஆட்டத்தில் வேகம் இருந்தது. ஆனா ஒரு பெரிய குறையும் இருந்தது. வேகப்பந்து வந்தா வலது கால் தானா லெக் பக்கம் ஒதுங்கிடும்.

அதைச் சரிபண்ண டேன் ஹேவர்ட் என்ற கோச்சிடம் போனார். அவர் செஞ்ச வைத்தியம் சிம்பிள்: வலது காலை நகரவிடாம தரையோடு கட்டிப்போட்டார். கால் நகர முடியாததால் ரஞ்சி உடம்பைத் திருப்பி, மணிக்கட்டைச் சுழற்றி, பந்தைப் பின்னால தட்டிவிட்டார். அதுதான் பிற்பாடு அவர் பேரோடு ஒட்டிக்கிட்ட லெக் கிளான்ஸ்!

சர்ரே அணியின் வேகப்பந்து வீச்சாளர்களான ரிச்சர்ட்சன், லாக்வுட் மாதிரியானவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நெட்டில் பந்துவீச வைத்தார். மணிக்கணக்கில் பேட்டிங். இவ்வளவு செஞ்சும், பல்கலைக்கழக அணியில் ஓர் இந்தியருக்கு லேசில் இடம் கிடைக்கலை. 1893-ல்தான் கதவு திறந்தது.

1896 ஜூலை, மான்செஸ்டர். இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட்: 62, அடுத்து ஆட்டமிழக்காமல் 154. கடைசி நாள் லஞ்ச்சுக்கு முன்னாடி மட்டும் 113 ரன். 1899 சீசனில் 3,000 ரன்னைத் தாண்டிய முதல் ஆளும் அவரே.

ஆனா, இந்தக் கதைக்கு ஒரு பில்லும் இருக்கு. இளவரசர் வாழ்க்கையும் ஆடம்பரமும் சேர்ந்து அவரைக் கடனில் தள்ளின. பட்டமும் வாங்கலை. 1907-ல் நவாநகர் மன்னரானார். 1915-ல் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு வலது கண் போனது. அப்படியும் 1920-ல் ஒற்றைக் கண்ணோடு சசெக்ஸுக்காகத் திரும்ப இறங்கினார், ரன் வரலை. 1933-ல் மறைந்தார்.

அடுத்த வருஷமே அவர் பெயரில் போட்டி தொடங்கியது. முதல் மேட்ச் நம்ம சேப்பாக்கத்தில், மெட்ராஸுக்கும் மைசூருக்கும்! ஒரே நாளில் மெட்ராஸ் ஜெயித்தது, ஏ.ஜி.ராம் சிங்குக்கு 11 விக்கெட். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகானு எல்லையிலேயே வளர்ற நமக்கு இது ஸ்பெஷல்தானே?

ரஞ்சி மாதிரி பவுலர்களுக்குச் சம்பளம் கொடுக்க நம்ம வீட்டுப் பட்ஜெட் தாங்காது. தாங்கவும் வேண்டாம். ஆனா அவர் நெட்டுக்குப் போனப்போ, எந்தக் குறையைச் சரிபண்ணப் போறோம்னு தெரிஞ்சே போனார். அடுத்த வார டைம்டேபிளில் கிழமை, மணியோட, இந்த வாரம் சரிபண்ண வேண்டிய ஒரே ஒரு குறையையும் எழுதுங்க. வாரத்துக்கு ரெண்டே கிளாஸ் கிடைச்சாலும் அதுல பலன் இருக்கும்.