ஜிம் கார்பெட்டின் துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒரு வேட்டைக்காரரின் கதை

2015-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பழைய இரட்டைக்குழல் ரைஃபிள் ஏலத்துக்கு வந்தது. ஜெஃப்ரி என்ற லண்டன் நிறுவனத்தின் தயாரிப்பு. விலை போனது எவ்வளவு தெரியுமா? இரண்டரை லட்சம் டாலருக்கும் மேல்! அதே ரகத்தில் வேறொரு ரைஃபிள் இதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போயிருக்கும். ஒரு காலத்தில் ஜிம் கார்பெட் கையில் இருந்தது என்பதுதான் இதற்கு அவ்வளவு விலை.

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் இரும்பையும் மரத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. யார் வைத்திருந்தார், அதற்கு ஆதாரம் என்ன என்பதையும் பார்க்கிறார்கள். சரி, யார் இந்த கார்பெட்?

போஸ்ட்மாஸ்டர் மகன்

1875 ஜூலை 25-ல் நைனிடாலில் பிறந்தவர். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். ஜிம் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். பெரிய குடும்பம், கையில் காசு குறைவு. குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாடுங்கிக்குக் குடும்பம் இறங்கிவிடும். அந்தக் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். முதலில் உண்டிவில். அப்புறம் கிடைத்தது ஒரு குழல் பிளந்துபோன ஓட்டைத் துப்பாக்கி. வீணாக்க மருந்து கிடையாது என்பதால், குறி தப்பாமல் சுடப் பழகினார்.

பதின்ம வயது முடிவதற்குள் ரயில்வே வேலை. பிகாரின் மொகாமா காட்டில் கங்கைக் கரையில் சரக்கு மாற்றும் ஒப்பந்ததாரராக இருபது வருடங்களுக்கு மேல் உழைத்தார். ஆம், அவர் முழுநேர வேட்டைக்காரரே இல்லை. ஆட்கொல்லி புகுந்த ஊர்களிலிருந்து அழைப்பு வந்தால் போவார்.

சம்பாவத் புலி

1907-ல் வந்தது அப்படி ஓர் அழைப்பு. நேபாளத்திலும் குமாவோனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு வைக்கப்பட்ட பெண் புலி. சம்பாவத் மக்கள் வீட்டுக் கதவைத் திறக்கவே பயந்தார்கள். கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்ததும், உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டுத்தான் அந்த வேட்டையை முடித்தார்.

இதைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவிட் அவருக்கு ஒரு .275 ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். அதன் மரப்பகுதியில் பதித்த வெள்ளித் தகட்டில் காரணமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சேகரிப்பாளர்கள் தேடும் ஆதாரம் இதுதான்.

எடை குறைவான ரைஃபிள் அது. 1930-ல் சௌகட் புலியை அவர் நேருக்கு நேர் சந்தித்தபோது, இடது கையில் பக்கி என்ற இரவுப் பறவையின் முட்டைகள் இருந்தன. ரிக்பியை ஒற்றைக் கையாலேயே மெதுவாகத் திருப்பிச் சுட்டார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் கதையே மாறியிருக்கும்.

புலியை ஆட்கொல்லி ஆக்கியது எது?

இங்கேதான் முக்கியமான திருப்பம். இறந்த சம்பாவத் புலியின் வாயைப் பார்த்தபோது, வலது பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ ஒருவர் சரியாகச் சுடாமல் விட்ட குண்டுக் காயம். அதனால் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தேடியது என்ற முடிவுக்கு வந்தார் கார்பெட். அதாவது, துப்பாக்கி தீர்த்துவைத்த பிரச்சினையைத் தொடங்கிவைத்ததும் ஒரு துப்பாக்கிதான்.

பின்னாளில் பொழுதுபோக்கு வேட்டையை விட்டு, சினிமா கேமராவோடு புலிகளைத் தேடிப் போனார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1944-ல் வெளியான ‘குமாவோன் ஆட்கொல்லிகள்’ அவரை உலகமெங்கும் கொண்டுபோனது. 1947-ல் அக்கா மேகியோடு கென்யாவில் குடியேறி, 1955 ஏப்ரல் 19-ல் அங்கேயே இறந்தார். பின்னர் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

துப்பாக்கிகள் இப்போ எங்கே?

ரிக்பி ரைஃபிள் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு அதைத் தயாரித்த லண்டன் நிறுவனமே வாங்கிக்கொண்டது. 2016-ல் இந்தியாவுக்கும் ஒருமுறை வந்துபோனது. ஜெஃப்ரி ரைஃபிள், அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் சேகரிப்பில் இருந்து ஏலத்துக்கு வந்தது.

நம்ம ஊரில் இப்படிச் சேகரிக்கலாமா என்றால், அவ்வளவு சுலபமில்லை. லைசென்ஸ் கட்டாயம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தாத்தா காலத்துச் சொத்தாக வந்தாலும் இதே வரம்புதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, அவற்றை எடுத்துக்கொண்டு புலி வேட்டைக்குப் போகவும் முடியாது.

லட்சக்கணக்கான டாலர் கொடுத்தால் கார்பெட்டின் துப்பாக்கி கிடைக்கும். ஆனால் அவர் கடைசியில் காப்பாற்ற நினைத்தது துப்பாக்கியை அல்ல. அது இன்னும் ராம்கங்கை ஆற்றங்கரைக் காட்டில் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறது.